லென்சுக்கு முன்னால் பிடித்த அட்டை

நிவேதா போன் செய்தபோது நான் வாசலில் உட்கார்ந்து பட்டர் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தேன். நான் ஓய்வு பெற்ற பிறகு பள்ளிக்கூட அரங்கத்தின் படம், ஒலி, விளக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது அந்தப் பெண்தான். கெட்டிக்காரி. முப்பத்தொரு வருஷம் நான் வேர்த்து விறுவிறுத்துச் செய்த வேலையை ஒரு சின்ன ரிமோட்டில் முடித்துவிடுகிறாள். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு, மறைப்பானேன்.

“சார், ஆபரேட்டர் ரூமை இடிக்கப் போறாங்க. புது புரொஜக்டர் சீலிங்லயே தொங்குது, ரூமே தேவையில்லன்னுட்டாங்க. சாமான எல்லாம் எடுக்கும்போது பாத்தேன், பழைய மெஷின் இருந்த எடத்துக்குப் பக்கத்துல ஒரு ஆணி. அதுக்குக் கீழ வெள்ளப் பெயின்ட்ல ‘அட்டை’ன்னு அழகா எழுதியிருக்கு. ஆனா அட்டையத்தான் காணோம். என்ன சார் அது?”

“அது போன்ல சொல்லி முடியாதும்மா.”

“அப்ப எழுதிக் குடுங்க சார். ஊழியர் மலர்ல போட்டுருவோம்.”

பக்கத்தில் இருந்த என் மனைவி தனம் கேட்டுவிட்டாள். “இவருட்டயா கதை கேட்ட? இனி இந்தப் பீன்ஸ உரிச்ச மாதிரிதான்” என்று முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆக, பீன்ஸ் அவள் கைக்குப் போனது, பேனா என் கைக்கு வந்தது.

நான் வத்தலக்குண்டுக்காரன். பெயர் முத்துப்பாண்டி. பத்தாம் வகுப்போடு படிப்பு என்னை விட்டுவிட்டது. ஊரில் ஒரு கொட்டகையில் ஆபரேட்டருக்கு உதவியாளாகச் சேர்ந்து மூன்று வருஷம் பிலிம் ஒட்டினேன், பெட்டி சுமந்தேன், திட்டு வாங்கினேன். ஆபரேட்டர் லைசென்சும் வாங்கினேன். அதற்குப் பிறகு கொடைக்கானலில் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் படம் ஓட்ட ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, ஒரு ஸ்வெட்டர்கூட இல்லாமல் மலை ஏறினேன். அங்கேயே முப்பத்தொரு வருஷம் ஓடிப்போனது. அந்த மலையில் இருந்த பள்ளிக்கூடங்களிலேயே சிறந்த ஆபரேட்டர் நான்தான் என்று தைரியமாகச் சொல்வேன். மற்ற பள்ளிக்கூடங்களில் ஆபரேட்டரே கிடையாது.

எங்கள் மெஷின் பதினாறு மில்லிமீட்டர். தியேட்டர் மெஷினோடு பார்த்தால் தையல் மெஷின் அளவுதான் இருக்கும். ஆனால் அதற்கும் பிடிவாதம் உண்டு. பிலிமை மாட்டும்போது விளக்குக்கு மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம் தளர்வாக விட வேண்டும். வளையம் சுருங்கினால் படம் துள்ளும். ஓடிக்கொண்டிருக்கும்போது எக்காரணம் கொண்டும் மெஷினை நிறுத்தக் கூடாது. நின்றால் விளக்கின் சூட்டில் அந்த ஒரு கட்டம் கருகிவிடும். கதாநாயகியின் முகத்தில் பழுப்பாக ஒரு கொப்புளம் கிளம்பி, திரை முழுக்கப் பரவுவதை ஒரு முறை பார்த்தவன் மறுபடி நிறுத்த மாட்டான்.

நிறுத்த முடியாது என்பதால்தான் அட்டை வந்தது. பிள்ளைகள் பார்க்கக் கூடாத கட்டம் வந்தால் மெஷின் பாட்டுக்கு ஓடும், நாம் லென்சுக்கு முன்னால் ஓர் அட்டையைப் பிடிக்க வேண்டும். எனக்கு முன்பிருந்தவர் காலத்தில் அது நிஜமாகவே காலண்டர் அட்டை. என் காலத்தில் தகரம். அரை முழ நீளம், முக்கால் சாண் அகலம். ஒரு ஓரத்தில் ஓட்டை, இரண்டு பக்கமும் மினுக்கில்லாத கறுப்புப் பெயின்ட். தகரமாகி இருபது வருஷம் ஆன பின்னும் அட்டை என்றே பேர். லென்சிலிருந்து நாலு விரல் தள்ளி, கொஞ்சம் சாய்வாகப் பிடிக்க வேண்டும். நேராகப் பிடித்தால் வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். இதெல்லாம் எந்தப் பாலிடெக்னிக்கிலும் சொல்லித் தர மாட்டார்கள்.

இதற்கெல்லாம் அதிகாரி தேவசகாயம் சார். அரங்கமும் ஊழியர் குடியிருப்பும் அவர் பொறுப்பு. ஒல்லி உடம்பு, ஏப்ரல் வெயிலிலும் கையில் குடை. யாரையும் ‘வா, போ’ என்று சொல்லி நான் கேட்டதில்லை, பள்ளிக்கூட நாயைக்கூட ‘போங்க’ என்பார். வெள்ளிக்கிழமை மத்தியானம் காலி அரங்கத்தில் மூன்றாவது வரிசையில் தனியாக உட்கார்ந்து, சனிக்கிழமைப் படத்தை முழுக்கப் பார்ப்பார். மடியில் நோட்டு. எத்தனையாவது ரீல், கைக்கடிகாரத்தில் எத்தனையாவது நிமிஷம் என்று எழுதிப் பக்கத்தில் முத்தம், அடிதடி, கொலை என்று குறித்துக்கொள்வார். மறுநாள் ஆபரேட்டர் அறையில் என் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நேரம் வந்ததும் பிலிம் டப்பாவில் பென்சிலால் ஒரு தட்டு தட்டுவார். அட்டை லென்சுக்கு முன்னால் போக வேண்டும். இரண்டு தட்டு தட்டினால் அட்டை வர வேண்டும்.

“சத்தத்தையும் குறையுங்க முத்துப்பாண்டி. முழுசா அடைக்க வேண்டாம், பாதி. முழுசா அடைச்சா ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுபோகும்.”

திரை இருண்ட உடனே பிள்ளைகள் போடுகிற கூச்சலில் மலையே அதிரும். நாங்கள் மறைத்ததைவிடப் பத்து மடங்கு அவர்களாகவே கற்பனை செய்துகொள்வார்கள். இதை ஒரு முறை சாரிடமே சொன்னேன். அவர் பென்சிலைச் சீவிக்கொண்டே, “நாம மறைக்கிறது அவங்க கண்ணுக்காக இல்லைங்க, அவங்க அப்பா எழுதுற லெட்டருக்காக” என்றார்.

குடியிருப்பு விவகாரத்திலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. கோழி செடியைக் கொத்தினாலும் சரி, குழாயடியில் சண்டை என்றாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, “நீங்க பாத்தீங்களா, கேட்டீங்களா?” என்று விசாரித்து, சொன்னதைச் சொன்னபடி பதிவேட்டில் எழுதி, உரக்கப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார். பக்கத்து வீட்டுச் சாட்சி இல்லாமல் அந்தப் பதிவேட்டில் ஒரு வரி ஏறாது.

என் பக்கத்து வீடு ஆறுமுகம் வீடு. பள்ளி வேன் டிரைவர். அவன் மனைவி மரகதம் பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை. இருவருமே சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளைகள். எங்கள் குடியிருப்பை மரகதம், தோட்டத்து வரிசை வீடுகளைச் சொல்கிற மாதிரி, ‘லயம்’ என்றுதான் சொல்வாள். ஆறே ஆறு வீடுகள், ஒரே நீளக் கூரை. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது, மேலே ஒரு முழம் திறந்து கிடக்கும். அவர்கள் வீட்டுத் தேங்காய்ப்பால் மீன் குழம்பு எங்கள் வீட்டில் மணக்கும். எங்கள் ரேடியோவில் போகிற செய்தியை அவர்கள் வீட்டில் கேட்டுக்கொள்வார்கள். ஆறுமுகம் நன்றாகப் பாடுவான். மச்சான் என்று கூப்பிட்டால் உயிரைக் கொடுப்பான்.

அப்படித்தான் ஒரு தடவை கொடுக்கவும் பார்த்தான். தனத்துக்குப் பிரசவ வலி வந்த அன்று விடாத மழை. பெருமாள்மலைக்குக் கீழே மண் சரிந்து பாதை அடைத்திருந்தது. அவன் வேனை நிறுத்தி இறங்கி, முட்டளவு சேற்றில் நின்று கல்லை உருட்டி வழி பண்ணினான். வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்த அரைமணியில் என் மகள் பிறந்தாள். டாக்டரம்மா, “இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா ரெண்டு பேரையும் சொல்றதுக்கில்ல” என்றார்.

அந்த ஆறுமுகம்தான் மரகதத்தை அடிப்பான். பெரும்பாலும் சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில். குடித்திருப்பான், சில நாள் குடிக்காமலும் இருப்பான். திறந்து கிடக்கிற அந்த ஒரு முழம் வழியாக எல்லாம் எங்கள் வீட்டுக்கு வரும். பாத்திரம் விழும் சத்தம், அவள் ‘வேணாங்க, வேணாங்க’ என்பது, பிறகு அவள் ஒன்றும் சொல்லாதது. நான் எழுந்து போய் ரேடியோவைக் கூட்டி வைப்பேன். திங்கட்கிழமை அவள் தலையில் முக்காடு போட்டு வேலைக்கு வருவாள். குளிர் என்பாள். கொடைக்கானலில் குளிர் என்றால் யார் நம்பாமல் இருக்கப்போகிறார்கள்? இப்படிப் பதினோரு வருஷம்.

ஹினே டீச்சர் வந்தது அந்தச் சமயத்தில்தான். நியூசிலாந்துக்காரர், அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி இனத்தவர். இரண்டு வருஷம் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்க வந்தார். கனத்த உடம்பு, சிரித்தால் கடைசி வரிசை வரை கேட்கும். சமையற்கூடத்தில் மரகதத்தோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி தமிழ் கற்றுக்கொண்டார். அதனால் அவர் தமிழ் முழுக்கத் தோட்டத் தமிழ். பிரின்ஸ்பால் அம்மாவையே ஒரு நாள் ‘தொரசாணி’ என்று கூப்பிட்டுவிட, அம்மா சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியாமல் நின்றார். திங்கட்கிழமை முக்காடுகளையும் ஹினே டீச்சர் கவனித்திருக்க வேண்டும்.

மகளிர் தினத்துக்குப் பள்ளியில் வேலை செய்யும் பெண்களுக்கும் குடியிருப்புப் பெண்களுக்கும் ஒரு படம் போட வேண்டும் என்றார். அவர் நாட்டுப் படம். நகரத்தில் வாழும் ஒரு மாவோரிக் குடும்பம், அடிக்கிற புருஷன், அடி வாங்குகிற மனைவி, பார்த்துக்கொண்டு வளர்கிற பிள்ளைகள். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. மூன்று ரீல் கொண்ட தகரப் பெட்டி டில்லியிலிருந்து வந்து சேர்ந்தது. டிவிடி வந்துவிட்ட காலம்தான், ஆனாலும் எங்கள் பெரிய திரைக்கு இன்னும் என் மெஷின்தான் ராஜா.

வெள்ளிக்கிழமை தேவசகாயம் சார் பார்த்தார். நோட்டில் ‘அடிதடி’ என்று ஐந்து இடம் விழுந்தது. படம் முடிந்ததும் ஹினே டீச்சரிடம், “இந்த இடங்களை மறைத்துவிடுவோம். பெண்கள் பயந்துவிடுவார்கள்” என்றார்.

ஹினே டீச்சர் அவர் முன்னால் வந்து உட்கார்ந்தார். ஆங்கிலத்தில் பேசினார், எனக்கு முக்கால்வாசி விளங்கியது. தன் ஊரிலும் இந்தப் படத்தின் மேல் பலருக்குக் கோபம், நம் வீட்டு அசிங்கத்தை ஏன் ஊருக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டார்கள் என்றார். “என் அம்மா இதைப் பார்த்துவிட்டு நாலு நாள் யாரோடும் பேசவில்லை. ஐந்தாம் நாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தன் கதையைச் சொன்னாள். எனக்கு அப்போது முப்பது வயது. அதுவரை அப்பாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது” என்றார்.

சார் குடையின் பிடியைத் தடவினார். “அரங்கத்துக்கு ஒரே விதிதான் டீச்சர்” என்றார். அவர் அப்படித்தான்.

மறுநாள் மத்தியானம் மூன்று மணி. வெளியே மஞ்சு இறங்கி, ஜன்னலில் கறுப்புத் திரை தேவையில்லாத அளவுக்கு மூடியிருந்தது. அரங்கத்தில் அறுபது எழுபது பெண்கள் ஸ்வெட்டரும் சால்வையுமாக உட்கார்ந்திருந்தார்கள். தனம் நாலாவது வரிசை, மரகதம் அவள் பக்கத்தில். தமிழ் டீச்சர் கதையின் முன்பகுதியைச் சொன்னார். நான் விளக்கை அணைத்து மெஷினை ஓட விட்டேன். சார் முக்காலியில், பென்சில் கையில்.

முதலில் எல்லாம் கலகலப்பு. வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள், மீன் பொரிகிறது, புருஷன்காரன் பாடுகிறான். நல்ல குரல். பெண்கள் பாஷை புரியாமலே தலையாட்டினார்கள். பிறகு அவள் அவனிடம் ஏதோ ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்கிறாள். வந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவுகிறார்கள். அவன் எழுந்திருக்கிறான்.

டப்பாவில் ஒரு தட்டு. என் கை பழக்கத்தில் ஆணியிலிருந்த அட்டையை எடுத்து லென்சுக்கு முன்னால் நீட்டியது. இடது கை சத்தத்தைப் பாதியாகக் குறைத்தது. திரை இருண்டது. அடிச் சத்தம் மட்டும் எங்கோ தள்ளி நடப்பதுபோல் கேட்டது.

பிள்ளைகள் என்றால் கூச்சல் போட்டிருப்பார்கள். இங்கே ஒருவரும் மூச்சு விடவில்லை. அந்த அமைதியில் ஒரு குரல் வந்தது.

“அண்ணே, அட்டைய எடுங்க.”

மரகதம். ஆபரேட்டர் அறைக்குத் தேநீர் கொண்டுவருகிறவள், அட்டை அவளுக்குத் தெரியும். நான் இரண்டு தட்டுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

“அண்ணே! எடுங்கன்னு சொல்றன்ல.”

திரும்பிச் சாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டிருந்தார். நான் அட்டையை இறக்கினேன், சத்தத்தைக் கூட்டினேன். முப்பத்தொரு வருஷ வேலையில் தட்டு இல்லாமல் அட்டையை எடுத்தது அந்த ஒரு நாள்தான். திரையில் அவன் அவளை அடித்துக்கொண்டிருந்தான். பெண்களில் சிலர் முகத்தை மூடிக்கொண்டார்கள், சிலர் சத்தம் போட்டு அழுதார்கள். யாரும் எழுந்து போகவில்லை.

முதல் ரீல் முடிந்து விளக்கைப் போட்டேன். எங்களுக்கு ஒரே மெஷின், ரீல் மாற்ற ஐந்து நிமிஷம் ஆகும். மரகதம் மாடிப்படி ஏறி நேரே அறைக்குள் வந்தாள். சார் இருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை.

“அவன் பாடுறதயும் காட்டுனீங்க, மீன் பொரிக்கிறதயும் காட்டுனீங்க. அடிக்கிறத மட்டும் ஏன்ணே மூடுறீங்க?”

“அது... இங்க ரூல்ஸ் தாயி.”

“எங்க வீட்டுக்கும் அதே ரூல்ஸ்தானா? அவரு அடிக்கிற சத்தம் ஒங்களுக்குக் கேக்கும். நீங்க ரேடியோவக் கூட்டுற சத்தம் எனக்குக் கேக்கும்ணே. அது கூடுனா எனக்குத் தெரியும், இன்னிக்கும் யாரும் வர மாட்டாங்கன்னு.”

எனக்கு அப்போது எப்படி இருந்தது என்று எழுத வார்த்தை தேடிப் பார்த்தேன். வெட்கம்தான், வேறொன்றும் இல்லை. கையிலிருந்த பிலிம் நழுவி, போட்ட வளையம் அவிழ்ந்தது.

“திங்கக்கெழமை ஆபீஸ்ல எழுதிக் குடுக்கப் போறேன்” என்றாள். “வீடு டிரைவர் பேர்ல இருக்கு. நான் வெளிய போனா நானும் புள்ளைங்களும் ரோட்டுலதான் நிக்கணும். எனக்குந்தான இங்க வேல இருக்கு? வீட்ட என் பேருக்கு மாத்தி, அவர வேற எடத்துல இருக்கச் சொல்லணும். பக்கத்து வீட்டு சாட்சி வேணும்பாங்க. நீங்க வந்து சொல்லணும்.”

“ரீல் மாத்தணும் தாயி, ஆளுங்க காத்திருக்காங்க” என்றேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பதிலை நினைத்தால் காது சூடாகிறது.

“மாத்துங்க. இந்த ரீலுக்கு அட்ட வேணாம்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். மீதி நாலு இடத்திலும் பென்சில் சாருடைய பையிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே ஆறுமுகம் என்னை வேன் கொட்டகைக்குக் கூப்பிட்டு அனுப்பினான். எப்படியோ சேதி தெரிந்திருந்தது. சத்தம் போடுவான் என்று நினைத்துப் போனேன். அவன் பானெட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

“மச்சான், பெருமாள்மலைக்குக் கீழ மண்ணு சரிஞ்சு கெடந்துச்சே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“நான் எறங்கிக் கல்ல உருட்டுனேன்.”

“மறக்க முடியுமா ஆறுமுகம்?”

“அவ்வளவுதான் கேட்டேன். இது எங்க வீட்டுச் சோலி. நீ ஒன் சோலியப் பாரு.” பிறகு எனக்குத் தேநீர் வாங்கித் தந்தான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பாதித் தேநீரை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

அன்று முழுக்க நான் வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். என் மகள் முற்றத்தில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க அந்தச் சேறும் கல்லும் நினைவுக்கு வந்தன. தனத்திடம், “என்னால முடியாது தனம். அவன் இல்லாட்டி இவ இல்ல” என்றேன்.

தனம் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “அன்னிக்கு வேன் ஓட்டுனது அவருதான். பின்னாடி சீட்டுல என் தலைய மடியில வச்சுக்கிட்டு, வத்தலக்குண்டு வரைக்கும் என் கையப் பிடிச்சிட்டு வந்தது யாரு?”

நான் நின்றுவிட்டேன். மரகதம். நான் முன் சீட்டில் இருந்தேன், திரும்பித் திரும்பிப் பார்த்தேன், அவள் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். பதினோரு வருஷமாக அந்தக் கதையை நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட அதில் மரகதம் வந்ததில்லை.

“ஒங்களுக்கு எதத்தான் முழுசாத் தெரிஞ்சிருக்கு” என்று தனம் சட்டியைக் கவிழ்த்தாள். அவள் எப்போதும் சொல்கிற வசைதான்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு விசாரணை. பிரின்ஸ்பால் அம்மா, பள்ளி நர்ஸ், பதிவேட்டோடு தேவசகாயம் சார். ஒரு பெஞ்சில் ஆறுமுகம், இன்னொன்றில் மரகதம். அவள் அன்று முக்காடு போடவில்லை. இடது கண்ணுக்குக் கீழே மஞ்சள் பாரித்த பழைய காயம் எல்லாரும் பார்க்கும்படி இருந்தது. ஆறுமுகம் தரையைப் பார்த்து, “வீடுன்னா நாலும் இருக்குங்கம்மா. கை ஓங்குனது உண்டு. அடின்னு சொல்ற அளவுக்கு இல்ல” என்றான்.

சார் பேனா மூடியைக் கழற்றி என் பக்கம் திரும்பினார். கோழி கொத்திய வழக்கை விசாரித்த அதே குரல்.

“முத்துப்பாண்டி, நீங்க கேட்டீங்களா?”

“கேட்டேன் சார்.”

“எத்தனை தடவை?”

“எண்ணிக்கை இல்ல சார். பதினோரு வருஷம். பெரும்பாலும் சனிக்கிழமை.”

“என்ன கேட்டுச்சு?”

சொன்னேன். பாத்திரம், ‘வேணாங்க’ என்பது, அதற்கப்புறம் அவள் ஒன்றும் சொல்லாதது. ஆறுமுகம் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் பார்வையை விலக்கவில்லை, அது மட்டும் எனக்கு ஆறுதல்.

“கேட்டப்ப நீங்க என்ன செஞ்சீங்க?”

“ரேடியோவக் கூட்டி வச்சேன் சார்.”

“எவ்வளவு கூட்டுனீங்க?”

இப்படி ஒரு கேள்வி அவரால்தான் கேட்க முடியும். “அந்தச் சத்தம் எனக்குக் கேக்காத அளவுக்கு சார்” என்றேன்.

அவர் அதை அப்படியே எழுதினார். உரக்கப் படித்துக் காட்டினார். பிரின்ஸ்பால் அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டினேன். சார் அதை வாங்கிக்கொண்டு பதிவேட்டை மூடுவார் என்று நினைத்தேன். அவர் மூடாமல் அடுத்த வரியில் எழுத ஆரம்பித்தார். எழுத எழுத வாயாலும் சொன்னார்.

“இரண்டாம் சாட்சி, தேவசகாயம். தினமும் மாலை அந்த வழியாக நடக்கப் போகிறவன். நானும் கேட்டிருக்கிறேன். கேட்ட நாட்களில் குடையை விரித்துக்கொண்டு வேகமாக நடந்திருக்கிறேன். மழை இல்லாத நாட்களிலும்.” படித்துக் காட்டினார். கீழே கையெழுத்துப் போட்டார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

மரகதம் அப்போதுதான் அழுதாள். அதுவரை ஒரு சொட்டு விடவில்லை.

அன்றே வீடு அவள் பேருக்கு மாறியது. ஆறுமுகத்துக்கு வேன் கொட்டகைக்குப் பக்கத்து அறை. ஒரு மாதம் இருந்து பார்த்தான். பிறகு ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரி ஓட்டப் போய்விட்டான். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அது எனக்கு நோவுதான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பல வருஷம் கழித்து வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தான். நரைத்துப் போயிருந்தான். இந்தத் தடவை தேநீர் நான் வாங்கிக் கொடுத்தேன். “ஒன் மக என்ன படிக்குது?” என்று கேட்டான். சொன்னேன். “நல்லா இருக்கட்டும்” என்றான். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை, பஸ்தான் வந்தது.

அட்டை கதைக்கு வருகிறேன் நிவேதா, நீ கேட்டது அதைத்தான். குடியிருப்பில் ஒவ்வொரு கதவிலும் ஒரு பெயர்ப் பலகை உண்டு. ‘ஆறுமுகம், ஓட்டுநர்’ என்ற பலகையை மரகதம் அன்று சாயங்காலமே கழற்றிவிட்டாள். புதுப் பலகைக்குத் தச்சர் இரண்டு வாரம் ஆகும் என்றார். மறுநாள் தேநீரோடு என் அறைக்கு வந்தவள் ஆணியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அண்ணே, இந்த அட்ட இனிமே ஒங்களுக்கு வேணுமா?”

அப்போது அறையில் இருந்த சாரைப் பார்த்தேன். சார் அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அளவு சரியாகத்தான் இருந்தது. ஓட்டைகூடத் தயாராக இருந்தது.

“முத்தத்துக்கு இனி உங்க கையே போதும் முத்துப்பாண்டி” என்றார். அவர் நகைச்சுவை செய்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஆணிக்குக் கீழே எழுதிய அதே வெள்ளைப் பெயின்ட், அதே கையெழுத்து. ஒரு பக்கத்தில் ‘மரகதம், சமையற்கூடம்’ என்று எழுதிக் கொடுத்தார். ஹினே டீச்சர் காய்வதற்கு முன்னே தொட்டுப் பார்த்து விரலெல்லாம் வெள்ளையாக்கிக்கொண்டார். தச்சர் பலகை வந்த பிறகும் மரகதம் இதை மாற்றவில்லை.

தேவசகாயம் சார் இப்போது இல்லை. ஹினே டீச்சர் மரகதத்துக்கு வருஷா வருஷம் வாழ்த்து அட்டை அனுப்புகிறார், தோட்டத் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி. மரகதம் சமையற்கூடத் தலைவியாகிப் போன வருஷம் ஓய்வு பெற்றாள். பெருமாள்மலையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்றால் கடைசி வரை பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் என்று தனம் சொல்கிறாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சுவரைத் தாண்டி மீன் குழம்பு வாசம் வருகிறது, மத்தியானம் ஒரு கிண்ணம் வரும்.

அந்த ஆணியில் தொங்கியதைப் பார்க்க வேண்டுமானால் அவள் வாசல் கதவில் பார்க்கலாம். எழுத்து மங்கியதால் இரண்டு தடவை மேல் பூச்சுப் பூசியாகிவிட்டது, பின்பக்கம் இன்னும் அதே கறுப்பு. வந்தால் கதவைப் பலமாகத் தட்டு. உள்ளே டிவியை ஊருக்கே கேட்கிற மாதிரி வைத்திருப்பாள். தனம் தினமும் என்னிடம், போய்க் குறைக்கச் சொல்லுங்க என்கிறாள். நான் இதுவரை போகவில்லை. நீயும் சொல்லாதே.